பருவப் படமும் பிள்ளை எழுத்தும்

ஆண்டுதோறும் கல்லூரி திறந்த முதல் வாரத்தில், முதலாமாண்டு மாணவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, ‘மழைக்காலம்’ என்னும் தலைப்பில் ஒரு பக்கம் எழுதச் சொல்வது நம் வழக்கம். மதிப்பெண் இடுவதற்காக அன்று. அவர்தம் எழுத்தின் நிலையை அறிந்துகொள்வதற்காகவே அவ்வாறு செய்கிறோம். அறுபது தாள்களையும் படிக்க அமர்ந்தால், ஒரே தாளை அறுபது முறை படிக்கின்றோமோ என்னும் மயக்கம் நமக்கு ஏற்படுகிறது. மழை இயற்கையின் கொடை என்று தொடங்கும்; மழையின்றேல் வாழ்வில்லை என்று நடுவில் வரும்; மழைநீரைச் சேமிப்போம் என்று முடியும். பிழைகள் மிகுதியில்லை, கருத்தும் தவறன்று. ஆயினும் எழுதியவர் யார், அவர் எந்த ஊரினர், எந்த மழையில் நனைந்தவர் என்பதற்கு எந்தத் தாளிலும் அடையாளம் இல்லை.

அவ்வாறு எழுதிய மாணவர் ஒருவரோடு பிறிதொரு நாள் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ அவருடைய ஊர் மழையைப் பற்றித் திரும்பியது. ஓர் ஐப்பசி மாதத்து அடைமழையில் தெருவில் முழங்காலளவு நீர் நின்றதையும், கடையிலிருந்த அரிசி மூட்டைகளை அவருடைய வாப்பா இரவோடிரவாகப் பரண்மேல் ஏற்றியதையும், தாழ்வான வீடுகளில் இருந்த அண்டை வீட்டார் நான்கு நாள் தம் வீட்டு மாடியில் தங்கியதையும், அத்தனை பேருக்கும் ஒரே அண்டாவில் உம்மா கஞ்சி காய்ச்சியதையும் அவர் சொல்லச் சொல்ல, அந்த மழையின் ஓசையே நம் காதில் விழுந்தது. “இவ்வளவு அறிந்திருந்தும் அன்று ஏன் இவற்றை எழுதவில்லை?” என்று கேட்டோம். அவர் வியப்புடன் நம்மை நோக்கி, “இதையெல்லாம் கட்டுரையில் எழுதலாமா, ஐயா?” என்றார்.

இந்த வினா நம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் படித்த ஒருவர், தாம் கண்டதும் கேட்டதும் எழுத்துக்கு உரியன அல்ல என்று எண்ணுகிறார் எனில், அவ்வெண்ணத்தை அவருக்கு ஊட்டியவர் யார்? குற்றம் மேல்நிலைப் பள்ளியில் தொடங்குவதன்று. பிள்ளை முதன்முதலாக நான்கு சொற்களைச் சேர்த்து ஒரு தொடர் அமைக்கும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளிலேயே தொடங்கிவிடுகிறது என்பது நம் கருத்து. அதனைத் திருத்தும் வழியும் அங்கேயே இருக்கிறது. பருவகாலப் படங்களைக் காட்டி, தக்க வினாக்களால் தூண்டி, சிறு பிள்ளைகளை எழுத வைத்தல் அவ்வழிகளுள் எளியது, செலவு குறைந்தது. ஆயினும் அதனைச் செய்யும் முறையில் செய்தல் வேண்டும். தவறான முறையில் செய்தால் நோய்க்குத் தரும் மருந்தே நோயாகிவிடும்.

இரவல் பருவங்கள்

சில திங்களுக்கு முன்னர் ஒரு மழலையர் பள்ளிக்குச் சென்றிருந்தோம். வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த நேரம். வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே வேப்பமரம் நனைந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் காலணிகள் வாயிற்படியில் சேறு படிந்து கிடந்தன. உள்ளே சுவரில் அழகிய வண்ண அட்டை ஒன்று தொங்கியது. அதில் நான்கு பருவங்கள்: ஒன்றில் மலர்ச்செடிகள்; ஒன்றில் கடற்கரை; ஒன்றில் சிவந்த இலைகள் உதிரும் மரங்கள்; மற்றொன்றில் கழுத்துக்குச் சிவப்புத் துண்டு கட்டிய பனி மனிதன். ‘குளிர்காலம்’ பற்றி ஐந்து தொடர் எழுதுமாறு ஆசிரியை பணித்திருந்தார். ஒரு சிறுமியின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தோம். குளிர்காலத்தில் பனிக்கட்டி பெய்யும், நாங்கள் பனி மனிதன் செய்து விளையாடுவோம் என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் ‘மிக நன்று’ எனக் குறிக்கப்பட்டிருந்தது.

அச்சிறுமி பொய் எழுதினாள் என்று நாம் கூறமாட்டோம். படத்தில் கண்டதை எழுதினாள். ஆசிரியையும் கடமை தவறியவர் அல்லர்; இணையத்தில் எளிதாகக் கிடைத்த அட்டையை எடுத்து, தம் கைப்பொருளைச் செலவிட்டு அச்சிட்டு மாட்டியிருக்கிறார். அந்தப் படமும் குறையுடையதன்று. இங்கிலாந்திலோ கனடாவிலோ வாழும் பிள்ளைக்கு அது வீட்டு வாசலில் காணும் காட்சி. தென்கோளத்தில் உள்ள ஆஸ்திரேலியாவில் திசம்பர் மாதம் கோடைகாலம். அங்குள்ள பிள்ளைக்கே அப்படம் பொருந்தாது எனில், பனிக்கட்டி பெய்வதைக் கண்டிராத நம் கடற்கரை ஊர்ப் பிள்ளைக்கு எவ்வாறு பொருந்தும்? எழுத்து என்பது வேறெவரோ கண்டதைத் திருப்பிச் சொல்வது என்னும் பாடத்தை அன்று அச்சிறுமி கற்றுக்கொண்டாள். பனி மனிதனைப் பற்றி எழுதிய அக்கையே பத்தாண்டு கழித்து, மழை இயற்கையின் கொடை என்று எழுதப்போகிறது. இரண்டும் இரவல் தொடர்களே.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்தோபர் முதல் திசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. நம் உழவும், மீன்பிடித் தொழிலும், உப்பளமும், கடைத்தெரு வணிகமும் அம்மழையை நோக்கியே அமைந்துள்ளன. அம்மழைக்கு வகுப்பறைச் சுவரில் இடமில்லை என்பது சிறிய செய்தியன்று. 2012-13ஆம் கல்வியாண்டில் நம் பள்ளிகளில் முப்பருவ முறை நடைமுறைக்கு வந்தபின், ‘பருவம்’ என்று சொன்னால் பிள்ளையின் நினைவுக்கு வருவது பாடநூலும் தேர்வுமே ஆகும். காரும் கூதிரும் வேனிலும் அதன் நினைவில் எழுவதில்லை. சொல் நம்முடையது, அதன் உயிர்ப்பொருள் மட்டும் நழுவிவிட்டது.

படம் காட்டிப் பயிற்றிய பெரியோர்

படம் காட்டிக் கற்பித்தல் புதிய முறையன்று. கல்வியாளர் கொமீனியஸ் சிறுவர்க்கெனப் படங்களோடு கூடிய பாடநூலை 1658இல் வெளியிட்டார். பொருளைக் காணாமல் சொல்லை மட்டும் கற்பிப்பது வீண் என்பது அவர் கொள்கை. பொருளை நேரில் கொணர இயலாதபோது அதன் படம் வேண்டும் என்றார். படம் பொருளுக்கு மாற்றாக வந்ததேயன்றிப் பொருளை மறைக்க வந்ததன்று என்பதை நாம் இங்கே நினைவிற்கொள்ளல் வேண்டும்.

கடந்த நூற்றாண்டில் உக்ரைன் நாட்டின் பவ்லிஷ் என்னும் சிற்றூரில் 1948 முதல் 1970இல் மறையும் வரை பள்ளித் தலைவராக விளங்கிய சுகம்லின்ஸ்கி இன்னும் ஒரு படி மேலே சென்றார். எழுத்துக் கற்கத் தொடங்கும் பிள்ளைகளை அவர் வயலுக்கும் தோப்புக்கும் அழைத்துச் செல்வார். அங்குக் கண்டதைப் பிள்ளைகள் தம் கையாலேயே வரைவர். வரைந்ததன் கீழே ஒரு சொல் எழுதுவர். அவ்வொரு சொல்லே நாளடைவில் தொடராகும். தொடர் சிறு கட்டுரையாகும். அதே தோப்பைக் கோடையிலும் இலையுதிர்காலத்திலும் பனிக்காலத்திலும் அவர்கள் பார்த்தனர். அவர் காட்டிய பனி அவ்வூர்ப் பிள்ளைகளின் பனி. அவரிடம் நாம் கற்க வேண்டியது பனியை அன்று. பிள்ளையின் பருவத்திலிருந்து பிள்ளையின் எழுத்தைத் தொடங்கும் முறையை.

முதலும் கருவும் உரியும்

அம்முறைக்கு நாம் தொலைநாடு செல்லவும் வேண்டுவதில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தவர் நம் முன்னோர். ஆவணி தொடங்கி இவ்விரண்டு திங்கள் ஒரு பொழுது எனக் கொள்வது மரபு. தொல்காப்பியர் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்துரைத்தார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து உணவும் விலங்கும் மரமும் பறவையும் தொழிலும் கரு. அங்கு வாழும் மாந்தரின் மனநிலை உரி. இம்மூன்றும் ஒன்றினொன்று சிறந்தன என்பதும் அவர் கருத்து. இதனைத் தேர்வுக்குரிய பகுதியாக மட்டுமே நாம் கற்பித்து வருகிறோம். சிறு பிள்ளையிடம் ஒரு படத்தைக் காட்டி எவ்வரிசையில் வினவ வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த வழிகாட்டி நமக்குக் கிடைக்குமா?

ஒரு படத்தைச் சான்றாகக் கொள்வோம். மழை பெய்யும் கடைத்தெரு. மூடிய கடை ஒன்றின் தாழ்வாரத்தில் ஒரு முதியவரும் ஒரு சிறுவனும் நிற்கின்றனர். அருகே ஓர் ஆடு ஒண்டியிருக்கிறது. இப்படத்தைக் காட்டி, ‘மழையின் பயன்கள் யாவை?’ என்று வினவினால் பிள்ளை படத்தை மறந்துவிடும், பாடநூலை நினைக்கும். ‘இது எந்த இடம்? காலையா, மாலையா? எந்த மாதமாக இருக்கும்? எதனால் அப்படிச் சொல்கிறாய்?’ என்று முதலில் வினவ வேண்டும். இவை முதற்பொருள் பற்றிய வினாக்கள். பின்னர், ‘யார் யார் நிற்கிறார்கள்? எவை நனைந்துள்ளன? எவை நனையவில்லை? என்ன ஓசை கேட்கும்? என்ன மணம் வரும்?’ என்று வினவ வேண்டும். இவை கருப்பொருள் பற்றியன. இறுதியாக, ‘அந்தச் சிறுவன் யாருக்காகக் காத்திருக்கிறான்? முதியவர் அவனிடம் என்ன சொல்லியிருப்பார்? நீ அங்கே நின்றதுண்டா?’ என்று வினவ வேண்டும். இவை உரிப்பொருளுக்கு அழைத்துச் செல்பவை.

முதல்வகை வினாவுக்குப் பிள்ளை ஒரு சொல்லில் விடை கூறும். இரண்டாம் வகைக்குப் பல சொற்கள் வரும். மூன்றாம் வகைக்கு ஒரு கதையே வந்துவிடும். எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் இவ்வரிசை, கற்பித்தலின் பொது விதியோடும் முரண்படாமல் நிற்கிறது. ‘பற்றி ஐந்து தொடர் எழுதுக’ என்னும் கட்டளைக்குப் பிள்ளை அஞ்சுகிறது. ‘எதனால் அப்படிச் சொல்கிறாய்?’ என்னும் வினாவுக்கோ, தன் கண்ணையே சான்றாக அழைக்கிறது. தூண்டல் வினாவின் பயன் அதுதான்.

நக்கீரரின் நெடுநல்வாடையைக் கற்பிக்குந்தோறும் நாம் வியக்கும் ஒன்றுண்டு. குளிர் மிகுந்திருந்தது என்று கூறி அப்புலவர் அமையவில்லை. ஆயர் தீயில் கைகாய்ந்து நடுங்குவதையும், விலங்குகள் மேய்ச்சலை மறப்பதையும், பசு தன் கன்றையே பால் குடிக்க விடாது உதைப்பதையும், வேனிலில் பயன்பட்ட விசிறி சுருக்கப்பட்டுச் சிலந்தி நூல் படியத் தொங்குவதையும் காட்டுகிறார். குளிர் என்பது அச்சிலந்தி நூலில் இருக்கிறது. மழைநாளில் ஓடாது நிற்கும் மின்விசிறியை நம் ஊர் இரண்டாம் வகுப்புச் சிறுவனும் நாளும் காண்கிறான். அதனைக் கவனிக்கச் சொல்வோர் இல்லாததால் கவனியாது விடுகிறான்.

எந்தப் படங்கள் வேண்டும்?

படம் என்றவுடன் விலையுயர்ந்த அட்டைகளை எண்ணி மலைக்க வேண்டுவதில்லை. ஒரே பொருளைப் பல பருவங்களில் காட்டும் நான்கு படங்கள் ஓராண்டுக்குப் போதும். பனைமரத்தை எண்ணிப் பார்ப்போம். கோடை தொடங்கும்போது பதநீர், சித்திரை, வைகாசியில் நுங்கு, ஆவணியில் பனம்பழம், மார்கழி, தையில் பனங்கிழங்கு. நான்கு படங்களையும் கலைத்துக் கொடுத்து, முறைப்படி அடுக்கச் சொன்னால், பிள்ளைகளுக்குள் ஒரு வழக்காடு மன்றமே கூடிவிடும். நுங்கு முற்றினால் பழமா, பழத்தின் கொட்டையைப் புதைத்தால் கிழங்கா என்று அவர்கள் வாதிடும்போதே ‘முதலில்’, ‘அதற்குப் பிறகு’, ‘அப்போது’, ‘ஆனால்’ என்னும் இணைப்புச் சொற்கள் தாமாக வந்து விழும். இலக்கண நூலில் பட்டியலிட்டுக் கற்பித்தாலும் பதியாத சொற்கள் இவை.

பள்ளி முற்றத்து வேப்பமரமே போதும் என்பாரும் உளர், அதுவும் நன்றே. மாசி, பங்குனியில் இலையுதிர்த்துத் துளிர்க்கும், சித்திரையில் பூக்கும், ஆனி, ஆடியில் பழுத்துத் தரையெங்கும் பழம் சிந்தும், ஐப்பசியில் நீர் சொட்ட நிற்கும். ஒவ்வொரு பருவத்திலும் ஒரே இடத்தில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால், ஆண்டிறுதியில் அவ்வகுப்பிற்கு அதன் சொந்தப் பருவ நூல் கிடைத்துவிடும். மரம் நேரில் நிற்கையில் படம் எதற்கு என வினவலாம். மழைக்காலத்தில் நிற்கும் பிள்ளைக்குச் சித்திரை மரத்தை நினைவூட்டப் படம் வேண்டும். இன்றைய மரத்தோடு அதனை ஒப்பிட்டு எழுத இரண்டும் வேண்டும்.

ஊருக்கு ஊர் பருவம் மாறும் என்பதையும் மறத்தல் ஆகாது. காவிரிப் பாசனப் பகுதியில் ஆற்றில் நீர் வருவதும் நாற்று நடுவதும் பருவத்தின் அடையாளங்கள். குற்றாலத்தை அடுத்த ஊர்களில் ஆனி, ஆடிச் சாரலே ‘சீசன்’. கிழக்குக் கடற்கரையில், 2017 முதல் ஏப்பிரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாது கரையில் நிற்பது ஒரு பருவம். அந்நாள்களில் வாப்பா வீட்டில் இருப்பார், வருவாய் இராது. இதனை எந்த அச்சகத்து அட்டை காட்டும்? அதைக் காட்டும் படம் வகுப்பறைக்கு வந்தால் அப்பிள்ளை எழுதுவதற்கு ஒரு பக்கம் போதாது.

நம் இல்லங்களில் இன்னொரு பருவச் செல்வமும் உண்டு. பிறையைக் கொண்டு கணக்கிடும் ஆண்டு, ஞாயிற்றின் ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ஆதலின் நோன்பு மாதம் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் அது நவம்பர், திசம்பர் மழையில் வந்தது. 2016இல் சூன் மாத வெயிலில் வந்தது. 2025இல் மார்ச்சு மாதத்தில் வந்தது. மாலை மங்கும் வேளையில் கஞ்சி வாங்கச் சட்டியோடு நிற்கும் சிறார் வரிசையைப் படமாகக் காட்டி, ‘இது மழைக்கால நோன்பா, வெயில்கால நோன்பா? எப்படி அறிந்தாய்? உன் பாட்டனாரிடம் கேள், அவர் சிறுவராக இருந்தபோது எப்படி இருந்தது?’ என்று வினவினால், பிள்ளையின் எழுத்துக்குள் ஒரு குடும்பமே நுழைந்துவிடும். முதியோர் நினைவு பிள்ளையின் ஏட்டில் பதிவாகும். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் கலந்திருக்கும் வகுப்பில், அவரவர் வீட்டு விழா எந்தப் பருவத்தில் வருகிறது என ஒருவர் எழுதுவதை மற்றவர் கேட்பதும் நற்பயன் தரும்.

எழும்பும் தடைகள்

இம்முறையை எடுத்துரைக்கும்போது ஆசிரியப் பெருமக்கள் சில தடைகளை எழுப்புவர். அவை புறந்தள்ளத் தக்கன அல்ல.

முதலாவது, பிழை. பிள்ளையை விருப்பம்போல் எழுதவிட்டால் எழுத்துப் பிழையும் சந்திப் பிழையும் மலிந்துவிடும் என்பர். உண்மையே. மனப்பாடம் செய்த ஐந்து தொடரில் பிழை இராது. தானாக எழுதிய ஐந்து தொடரில் பத்துப் பிழை இருக்கும். ஆனால் நடக்கக் கற்கும் குழந்தை விழும் என்பதற்காக அதனை இடுப்பிலேயே வைத்துக்கொள்வார் உண்டோ? முதலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்து, அதற்கு ஒரு சொல்லேனும் மறுமொழி கூறிய பின்னரே திருத்த வேண்டும். ‘ஆடு ஏன் நனையவில்லை?’ என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதும் ஒரு வினா, பத்துச் சிவப்புக் கோடுகளைவிடப் பிள்ளையை மறுமுறை எழுதத் தூண்டும். பிழைகளுள் ஒருநாளைக்கு ஒருவகையை மட்டும் எடுத்துத் திருத்தினால் போதும்.

இரண்டாவது, பேச்சுவழக்கு. இதில்தான் தமிழ்த்துறையினராகிய நாம் தயங்குகிறோம். பிள்ளை ‘மழ பேஞ்சிச்சு’ என்று எழுதலாமா? எழுத்து வழக்கைக் காப்பது நம் கடமை. அதில் நமக்கு இரு கருத்தில்லை. ஆயினும் ‘மழை பெய்தது’ என்பதற்குப் பிள்ளையை அழைத்துவர, அது ‘மழ பேஞ்சிச்சு’ என்ற இடத்திலிருந்துதான் புறப்பட வேண்டும். படத்தைப் பார்த்துப் பேசும்போது அதன் சொல்லைக் கரும்பலகையில் ஒருபுறமும், அதன் எழுத்து வடிவத்தை மறுபுறமும் எழுதிக் காட்டினால், பிள்ளை இரண்டையும் இழக்காது. இதனினும் வருந்தத்தக்க செயல் ஒன்றை நாம் கண்டிருக்கிறோம். சிறுவன் ஒருவன் தன் ஏட்டில் ‘வாப்பா குடை கொண்டு வந்தார்கள்’ என எழுதியிருக்க, ‘வாப்பா’ என்னும் சொல் அடிக்கப்பட்டு அதன்மேல் ‘தந்தை’ எனத் திருத்தப்பட்டிருந்தது. அத்தொடரில் பிழை யாது? மழையில் குடையோடு வந்தவர் அவனுடைய வாப்பா. அவரை அவன் ஏட்டிலிருந்து வெளியேற்றும் உரிமை நமக்கில்லை. அத்தா, அப்பா, ஐயா என எவ்வீட்டுப் பிள்ளை எவ்வாறு அழைக்குமோ அவ்வாறே எழுதட்டும். ‘இதையெல்லாம் எழுதலாமா, ஐயா?’ என்னும் வினா இத்தகைய ஒரு சிவப்புக் கோட்டிலிருந்துதான் பிறந்திருக்கக் கூடும்.

மூன்றாவது, காலம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பர். கிழமைக்கு ஒரு பாடவேளை போதும் என்பது நம் எண்ணம். முதலில் சிறிது நேரம் யாரும் பேசாது படத்தைப் பார்த்தல், பின்னர் வினாவும் விடையும், பிள்ளைகள் சொன்ன சொற்களைக் கரும்பலகையில் எழுதுதல், பின்னர் எழுதுதல், இறுதியில் ஐவர் தாம் எழுதியதை உரக்கப் படித்தல். அடுத்த கிழமை வேறு ஐவர். எழுத வராத பிள்ளை வரையட்டும். அதன் வாய்மொழியை ஆசிரியர் படத்தின் கீழே எழுதித் தரட்டும். நம் மாநில அரசும் செயல்வழிக் கற்றல் முறையை 2007-08இல் மாநிலமெங்கும் விரித்ததிலும், முதல் மூன்று வகுப்புகளுக்கென 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியதிலும், படத்துக்கும் செயலுக்கும் இடம் தந்தது. வழி திறந்தே இருக்கிறது. அவ்வழியே எந்தப் படம் செல்கிறது என்பதுதான் நம் கையில் உள்ளது.

எச்சரிக்கை ஒன்றும் கூறியாக வேண்டும். பருவம் எப்போதும் இனியதன்று. 2015ஆம் ஆண்டுச் சென்னைப் பெருவெள்ளமும், 2018 நவம்பரில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கசா புயலும் நம் நினைவில் நிற்பன. தென்னந்தோப்பை இழந்த வீட்டுப் பிள்ளையிடம் மழைப் படத்தைக் காட்டி, ‘மழை வந்தால் மகிழ்ச்சி’ என எழுத வைப்பது கொடுமை. படம் மகிழ்ச்சிக்கும் இடம் தரட்டும். அச்சத்துக்கும் இடம் தரட்டும். ‘உனக்கு மழை பிடிக்குமா?’ என்னும் வினாவுக்கு ‘பிடிக்காது’ என்னும் விடையும் நேரிய விடையே. அவ்விடையை ஆசிரியர் ஏற்றுக்கொள்கிறார் என்று அறிந்த பிள்ளை, அடுத்து ‘ஏன்’ என்பதையும் எழுதும். சொல்ல விரும்பாத பிள்ளையை வற்புறுத்தாது விடுவதும் ஆசிரியரின் அறமே.

நாம் செய்யத்தக்கவை

கருத்துரைப்பது எளிது, செயலே பெரிது. இம்மலரைப் படிக்கும் மூவகையினரிடமும் நாம் வேண்டுவன சில உள.

மாணவர்களே! உங்களுள் பலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். அனைவரும் பெற்றோர் ஆவீர்கள். உங்கள் கைப்பேசியில் நாளும் எத்தனையோ படங்கள் எடுக்கிறீர்கள். இவ்வாண்டு முழுவதும் உங்கள் ஊரின் ஓர் இடத்தை, ஒரு குளக்கரையையோ கடைத்தெருவையோ பனந்தோப்பையோ, இரு திங்களுக்கு ஒரு முறை படமெடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முதல், கரு, உரி என்னும் வரிசையில் ஒன்பது வினாக்கள் எழுதுங்கள். ஆறு படமும் ஐம்பத்து நான்கு வினாவும் சேர்ந்தால் உங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு ஓராண்டுப் பயிற்சி ஆயத்தமாகிவிடும். தேர்வுக்காகப் படித்த தொல்காப்பியம் ஊருக்குப் பயன்பட்டதாகவும் இருக்கும்.

ஆசிரியப் பெருமக்களே! சுவரில் இருக்கும் பனி மனிதனைக் கிழித்தெறியுமாறு நாம் வேண்டவில்லை. உலகில் அத்தகைய ஊர்களும் உண்டு எனக் காட்ட அப்படம் பயன்படும். நம் மழையும் வெயிலும் முதலில் இடம்பெறட்டும். அயலூர்ப் பனி பின்னர் வரட்டும். தன் பருவத்தை எழுதத் தெரிந்த பிள்ளை, பிறர் பருவத்தைக் கற்பனை செய்யவும் தகுதி பெறும்.

சமுதாயப் பெரியோர்களே! ஆண்டுதோறும் கடைகளின் பெயராலும் அமைப்புகளின் பெயராலும் மாதக் காலண்டர்கள் அச்சிட்டு வழங்குகிறீர்கள். அவற்றில் எங்கோ உள்ள மலையும் ஏரியும் இடம்பெறுகின்றன. ஓர் ஆண்டேனும் நம் ஊரின் பன்னிரு மாதக் காட்சிகளை அச்சிடுங்கள். ஆண்டு முடிந்ததும் அத்தாள்களைப் பள்ளிக்குக் கொடுங்கள். கூடுதல் செலவின்றி ஒரு வகுப்பறைக்குப் பன்னிரண்டு படங்கள் கிடைக்கும். அத்துடன், நீங்கள் நிர்வகிக்கும் பள்ளிகளில் ஆண்டுவிழாவன்று ஒப்புவித்தலுக்குப் பரிசு வழங்குவதுபோல், பிள்ளை தானே எழுதிய ஒரு பக்கத்துக்கும் பரிசு வழங்குங்கள். எதற்குப் பரிசு கிடைக்கிறதோ அதனையே பள்ளி வளர்க்கும்.

இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பன்னிரண்டு ஆண்டு கழித்து நம் கல்லூரிக்கு வரும். அன்றும் முதல் வாரத்தில் ‘மழைக்காலம்’ என்று தலைப்புக் கொடுப்போம். அன்று நாம் பெறும் அறுபது தாள்களில் அறுபது மழை பெய்ய வேண்டும். பரண்மேல் ஏறிய அரிசி மூட்டையும், மாடியில் தங்கிய அண்டை வீட்டாரும், குடையோடு வந்த வாப்பாவும் அவற்றில் இருக்க வேண்டும். எழுதலாமா என வினவும் நிலை மாறி, எழுதியதைக் கேட்குமாறு மாணவர் நம்மை அழைக்கும் நாள் வர வேண்டும். அதற்கான முதற்படத்தை இந்த மழைக்காலத்திலேயே நம் ஊர்ப் பள்ளிச் சுவரில் மாட்டுவோம்.